ஓட்டுக் கேட்கும் தலையங்கம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2025 டிசம்பர் 9 அன்று வாக்களித்த திருவனந்தபுரம் மாநகராட்சியில், 13ஆம் தேதி எண்ணி முடித்தபோது தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 50 வார்டுகள், இடது முன்னணிக்கு 29, காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய முன்னணிக்கு 19, சுயேச்சைகளுக்கு 2 என்று முடிவு வந்தது. மொத்த வார்டுகள் 101. வேட்பாளர் ஒருவர் இறந்ததால் விழிஞ்ஞத்தில் மட்டும் வாக்குப்பதிவு தள்ளிப்போயிருந்தது. நெடுங்காலம் இடதுசாரிகளின் கையில் இருந்த தலைநகரில் பா.ஜ.க.வின் வி.வி. ராஜேஷ் மேயரானார். இப்படி ஒரு திருப்பம் நேர்ந்தால் பேச்சு பத்திரிகைகள் பக்கமும் திரும்பும். எந்தப் பத்திரிகை யாருக்கு வேலை செய்தது, எது யாரைக் கவிழ்த்தது என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்கு அடியில் சில நம்பிக்கைகள் வேரூன்றிக் கிடக்கின்றன. அவற்றில் உண்மையும் உண்டு, தவறும் உண்டு. உள்ளாட்சித் தேர்தலில் ஒரு நாளிதழ் தன் பெயரைப் போட்டு, காரணம் சொல்லி, ஒரு வேட்பாளரை ஆதரிப்பது குற்றமல்ல. ஆதரவை மறைத்துக்கொண்டு செய்தி போடுவதுதான் குற்றம். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

நம்பிக்கை 1: வேட்பாளரை ஆதரித்து எழுதப் பத்திரிகைக்குச் சட்டத்தில் இடமில்லை.

இது தவறு. அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துரிமையில்தான் பத்திரிகைச் சுதந்திரமும் அடங்கியிருக்கிறது. இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று ஒரு தலையங்கம் எழுதக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தடை இருப்பது வேறு இடங்களில். ஒரு செய்தியைப் போடக் காசு வாங்கக் கூடாது, சாதி மதப் பகையைத் தூண்டக் கூடாது, வேட்பாளரைப் பற்றி உறுதிசெய்யாத பழியை அச்சேற்றக் கூடாது என்பவை பத்திரிகைக் கவுன்சில் வகுத்த தேர்தல்கால நெறிகள். வேட்பாளரின் வாய்ப்பை நேர்மையாக எடைபோட்டு எழுதும் உரிமை பத்திரிகைக்கு உண்டு என்பதையும் அதே கவுன்சில் ஏற்கிறது. கைமாறு எதுவும் வாங்கியிருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. ஆக, சட்டமும் நெறியும் கோடு கிழித்திருப்பது கருத்துக்கும் மௌனத்துக்கும் நடுவே அல்ல, கருத்துக்கும் காசுக்கும் நடுவே. கேரள உள்ளாட்சித் தேர்தலில் இந்தக் கோடு இன்னும் கூர்மையானது. மாநகராட்சி வார்டு வேட்பாளர் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு ஒன்றரை லட்சம் ரூபாய், கிராமப் பஞ்சாயத்து வேட்பாளருக்கு இருபத்தைந்தாயிரம். இவ்வளவு சிறிய வரம்பு உள்ள போட்டியில், கணக்கில் காட்டாமல் வாங்கிய இரண்டு மூன்று ‘செய்தி’களே எதிராளியின் முழுப் பிரசாரத்துக்கும் ஈடாகிவிடும்.

நம்பிக்கை 2: அந்தக் காலப் பத்திரிகைகள் யார் பக்கமும் சாயவில்லை.

திருவிதாங்கூரின் பத்திரிகை வரலாறே இதை மறுக்கிறது. வக்கம் மௌலவி தொடங்கி, ராமகிருஷ்ண பிள்ளை ஆசிரியராக இருந்து நடத்திய ‘சுதேசாபிமானி’ திவான் ராஜகோபாலாச்சாரியின் ஆட்சியை இடைவிடாமல் எதிர்த்தது. 1910 செப்டம்பர் 26 அன்று இதழ் தடை செய்யப்பட்டது, அச்சகம் பறிமுதலானது, ஆசிரியர் திருவிதாங்கூர் எல்லை தாண்டித் திருநெல்வேலிச் சீமைக்குக் கொண்டுவந்து விடப்பட்டார். பொறுப்பாட்சிப் போராட்டத்தின் பக்கம் நின்ற ‘மலையாள மனோரமா’வை 1938இல் திவான் சி.பி. ராமசாமி ஐயர் மூடினார். அது மீண்டும் வெளிவந்தது 1947இல்தான். தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமான சான்று ‘தினமலர்’. டி.வி. ராமசுப்பையர் அதை 1951 செப்டம்பர் 6 அன்று தொடங்கியது திருவனந்தபுரத்தில்தான். தென் திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற நிலைப்பாட்டை அது மறைக்கவில்லை. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அடுத்த ஆண்டு நாளிதழும் திருநெல்வேலிக்கு இடம்பெயர்ந்தது. இந்த மூன்றையும் இன்று நாம் பெருமையாகவே நினைவுகூர்கிறோம். அவை பக்கம் எடுத்தன. எந்தப் பக்கம், எதற்காக என்பதையும் வாசகருக்குத் தெரியும்படி எழுதின. கட்சிப் பத்திரிகைகளுக்கும் இது பொருந்தும். ‘தேசாபிமானி’யை எடுப்பவருக்கு அது மார்க்சிஸ்ட் கட்சியுடையது என்று தெரியும். ‘ஜனயுகம்’ இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு, ‘வீக்ஷணம்’ காங்கிரசுக்கு, ‘சந்திரிகா’ முஸ்லிம் லீகுக்கு, ‘ஜன்மபூமி’ சங்க பரிவாரத்துக்கு என்பது கேரளத்தில் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டிய செய்தியல்ல. தெரிந்த சாய்வைக் கழித்துப் படிக்க வாசகரால் முடியும். தெரியாத சாய்வுதான் அவரை ஏமாற்றுகிறது.

நம்பிக்கை 3: பெரிய பத்திரிகை சொன்னால் ஊர் கேட்கும்.

பாதி உண்மை. 1957இல் ‘மலையாள மனோரமா’, ‘தீபிகா’ போன்ற செல்வாக்கான நாளிதழ்களின் கடும் எதிர்ப்பையும் மீறித்தான் கேரளம் இ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்டுகளைத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவின் 2014 மக்களவைத் தேர்தலில் லண்டனின் ‘எகனாமிஸ்ட்’ வார இதழ் மோடியை ஆதரிக்க மறுத்து, காங்கிரஸ் தலைமையிலான அரசே மேல் என்று எழுதியது, பா.ஜ.க. 282 இடங்களில் வென்றது. திருவனந்தபுரத்தின் அண்மை முடிவும் அப்படித்தான். விற்பனையில் ‘தேசாபிமானி’யைவிட ‘ஜன்மபூமி’ மிகச் சிறியது. ஆனால் வார்டுகள் போனது மறுபக்கம். ஒரு தேர்தல் முடிவை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது என்பது சரி. வாக்காளர் ஆட்சியின் மீதான சலிப்பு, கட்சி அமைப்பு, வார்டு மறுவரையறை என்று பல காரணங்களைச் சேர்த்துத்தான் முடிவெடுக்கிறார். ஆனாலும் பத்திரிகை நினைத்தால் ஊரைத் திருப்பிவிடலாம் என்ற அச்சத்துக்கு இவற்றில் ஆதாரம் இல்லை.

மறு பாதியையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பத்திரிகைகளின் ஆதரவு அறிவிப்புகளை ஆராய்ந்து சியாங், நைட் என்ற பொருளியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒரு தெளிவான முடிவைத் தருகிறது: வாசகர் எதிர்பார்த்த ஆதரவுக்கு எடை குறைவு, எதிர்பாராத ஆதரவுக்கு எடை அதிகம். தமிழகத்தில் 1996ஐ நினைத்துப் பார்க்கலாம். ஆண்டுக்கணக்கில் தி.மு.க.வைச் சாடிவந்த சோவின் ‘துக்ளக்’, அந்தத் தேர்தலில் தி.மு.க. – த.மா.கா. அணியை வெளிப்படையாக ஆதரித்தபோது ஏற்பட்ட அதிர்வு, ‘முரசொலி’ அதே அணியை ஆதரித்ததால் ஏற்பட்டிருக்குமா? தேர்தல் சிறியதாக, வேட்பாளர் அறிமுகமில்லாதவராக இருந்தால் இந்த எடை இன்னும் கூடும். 2021இல் நியூயார்க் மேயர் வேட்பாளருக்கான ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் கேத்ரின் கார்சியா ஆரம்பத்தில் பலருக்கும் தெரியாத பெயர். நகரத் தூய்மைத் துறையை நடத்திய அவருடைய நிர்வாக அனுபவத்தைக் காரணம் காட்டி ‘நியூயார்க் டைம்ஸ்’ அவரை ஆதரித்தது. இறுதிக் கணக்கில் அவர் எரிக் ஆடம்ஸிடம் ஏறத்தாழ 7,200 வாக்கில்தான் தோற்றார். நம் ஊர் வார்டில் வாக்காளர்கள் சில ஆயிரம் பேர்தான். சின்னத்தைத் தாண்டி வேட்பாளரைப் பற்றிக் கிடைக்கும் தகவலோ மிகக் குறைவு. ஆகவே பத்திரிகையின் சொல் அங்கே பயனும் தரும், தீங்கும் செய்யும்.

நம்பிக்கை 4: யாரையும் ஆதரிக்காமல் இருப்பதே நடுநிலை.

இந்த நான்கில் பெருங்கேடு விளைவிப்பது இதுதான் என்பேன். இந்தியாவின் பெரும்பாலான பெரிய நாளிதழ்கள் பெயர் சொல்லி ஆதரிப்பதில்லை. அதனால் அவை நடுநிலையாகிவிட்டனவா? 2009 தேர்தலில் காசு வாங்கிச் செய்தி போட்ட வழக்கம் அம்பலமானபோது, சிக்கியவை ஆதரவை அறிவித்த பத்திரிகைகள் அல்ல, நடுநிலை என்று சொல்லிக்கொண்டவை. அதைப் பற்றிப் பத்திரிகைக் கவுன்சிலின் துணைக்குழு 2010இல் தந்த 71 பக்க அறிக்கையைக் கவுன்சிலே முழுதாக வெளியிடவில்லை. மத்தியத் தகவல் ஆணையம் தலையிட்ட பிறகே 2011இல் அது வெளியே வந்தது. அதே ஆண்டு, நாளிதழ்களில் செய்தியாக வந்த விளம்பரச் செலவைக் கணக்கில் காட்டாததற்காக உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவைத் தேர்தல் ஆணையம் மூன்றாண்டு தகுதிநீக்கம் செய்தது. காசு வாங்காத இடத்திலும் சாய்வுக்கு வழி உண்டு. மும்முனைப் போட்டி உள்ள வார்டில் யாருடைய படம் பெரிதாக வருகிறது, யாருடைய வாக்குறுதி தலைப்பாகிறது, யார் ‘மற்றவர்கள்’ பட்டியலில் போய் விழுகிறார் என்பதெல்லாம் தீர்ப்புகளே. கையெழுத்தில்லாத தீர்ப்புகள் என்பதால் இவற்றை எதிர்த்துக் கேட்கவும் வழியில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவை லேசானவையும் அல்ல. ஆதரவை அறிவித்துவிட்டால் அந்தப் பத்திரிகையின் நிருபரை எதிர்த்தரப்பு நம்பாது என்பது முதல் மறுப்பு. தலையங்கமும் செய்தியும் வெவ்வேறு கைகளில் இருந்தால்தான் இதற்குப் பதில் உண்டு. அந்தப் பிரிவினை இல்லாத பத்திரிகை ஆதரவு எழுதத் தகுதியற்றது என்பதை ஏற்கிறேன். கேரளத்தில் பல நாளிதழ்களுக்குச் சமூக, சமயப் பின்புலம் உண்டு. அவை வேட்பாளரை ஆதரிக்கத் தொடங்கினால் வார்டுகள் சமூகவாரியாகப் பிளக்கும் என்பது இரண்டாவது. உண்மையான கவலைதான். ஆனால் சமூகக் கணக்கு இன்றும் நடக்கிறது, கிசுகிசுப்பாக. அச்சில் காரணம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் வந்தால், எங்கள் ஆள் என்பதைக் காரணமாக எழுத எந்த ஆசிரியரும் கூசுவார். முதலாளியின் நலனும் அரசு விளம்பரமும் தலையங்கத்தை வளைக்கும் என்பது மூன்றாவது. வளைக்கும், மௌனத்தையும் அவை வளைக்கும். 2024 அக்டோபரில், அதிபர் தேர்தலில் இனி யாரையும் ஆதரிப்பதில்லை என்று ‘வாஷிங்டன் போஸ்ட்’ அறிவித்தபோது, அது உரிமையாளர் ஜெஃப் பெஸோஸின் முடிவு என்று தெரிந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாசகர்கள் சந்தாவை நிறுத்தினார்கள். மௌனத்தையும் ஒரு நிலைப்பாடாகவே அவர்கள் படித்தார்கள்.

அப்படியானால் நல்ல ஆதரவு எப்படி இருக்க வேண்டும்? 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்தின் கீழே செல்லும் ஆமையிழஞ்சான் தோடு என்ற ஓடையில் குப்பை அள்ள இறங்கிய ஒரு தொழிலாளி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். தண்டவாளத்துக்கு அடியில் உள்ள பகுதியைச் சுத்தம் செய்வது யார் பொறுப்பு என்று மாநகராட்சியும் ரயில்வேயும் ஒன்றை ஒன்று கைகாட்டின. 2011இல் விளப்பில்சாலைக் குப்பை ஆலை மக்கள் எதிர்ப்பால் மூடப்பட்டதிலிருந்து நகரத்தின் கழிவு எங்கே போகிறது என்ற கேள்வியும் கூடவே நிற்கிறது. ஒரு நாளிதழ் ஓடையோரத்து வார்டுகளின் வேட்பாளர் அனைவரிடமும் இந்த இரண்டு கேள்விகளையும் வைத்து, பதில்களை ஒரே அளவில் அச்சிட்டு, பதவியில் இருந்தவர் கவுன்சில் கூட்டத்தில் இதைப் பற்றி என்ன பேசினார் என்பதையும் சேர்த்து, அதன் பிறகு எங்கள் தேர்வு இவர், காரணங்கள் இவை என்று எழுதினால், அந்தத் தேர்வை மறுக்கும் வாசகருக்கும் கையில் சரக்கு இருக்கும். கேள்வி கேட்காமல், கட்சியைப் பார்த்து எழுதும் ஆதரவு வெறும் சுவரொட்டி.

‘நியூயார்க் டைம்ஸ்’ 2024இல் தன் சொந்த ஊர்த் தேர்தல்களில் ஆதரவு சொல்வதை நிறுத்திக்கொண்டது. அதிபர் தேர்தலுக்கு மட்டும் வைத்துக்கொண்டது. இது தலைகீழான முடிவு என்றே நினைக்கிறேன். அதிபரையும் பிரதமரையும் பற்றி வாக்காளருக்கு ஆயிரம் வழிகளில் தெரியும். தன் வார்டில் நிற்பவரைப் பற்றிச் சொல்லத்தான் ஆளில்லை. திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் மதுரைக்கும் வேண்டியது வாய் மூடிய பத்திரிகை அல்ல. விசாரித்து, பெயரைப் போட்டு, காரணத்தோடு பேசி, தவறானால் பதில் சொல்லும் பத்திரிகை. யாரை ஆதரிக்கிறாய் என்று கேட்டு வாசகர் நிறுத்திவிடக் கூடாது. என்ன விசாரித்தாய், யாரிடம் காசு வாங்கினாய் என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நேராகப் பதில் சொல்லும் பத்திரிகைக்கு ஓட்டுக் கேட்கும் உரிமையும் உண்டு.