நாள் தள்ளிப்போறதுக்கு முன்னாலயே யோசி, தங்கச்சி

கம்பத்துலயும் கூடலூர்லயும் விடியுறதுக்கு முன்னால ஜீப்பு ஏறி, மலைக்கு மேல ஏலத்தோட்டத்துக்குப் போற பிள்ளைக கேட்கிற கேள்வி இது: "மருந்தடிச்ச செடியில காயெடுத்தேன் அக்கா, வயித்துப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆகுமா?"

என்ன மருந்து, எத்தனையாவது நாள்ல, எவ்வளவு பட்டுச்சு? இது மூணும் தெரியாம யாரும் பதில் சொல்ல முடியாது.

நாள் கணக்குலதான் நம்ம ஊர்ல தப்பு நடக்குது. வயிறு தெரிஞ்ச பிறகு வேலையை விட்டாப் போதும்னு நினைக்கிறோம். பிள்ளையோட மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய், கரு உண்டான 28 நாளுக்குள்ள மூடிடும். நாள் தள்ளிப்போச்சுன்னு நீ கவனிக்கிறப்பவே அதுல பாதி ஓடியிருக்கும். எட்டு வாரத்துல இதயம், கை, கால் எல்லாம் வடிவத்துக்கு வந்துடும். அதனால பிள்ளை வேணும்னு நினைக்கும்போதே மருந்து கலக்குறதையும், ஈரம் காயாத செடிக்குள்ள போறதையும் நிறுத்திடு. எந்தப் பக்கம் எப்ப அடிச்சாங்கன்னு கங்காணிகிட்ட கேளு, கூச்சப்படாதே. தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் மாத்திரையையும் அப்பவே தொடங்கணும்.

பூச்சி மருந்து டப்பாவுல சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு நிறம் போட்டிருக்கும். சிவப்புதான் கொடிய விஷம். ஆனா அந்த நிறம் உடனே ஆளைக் கொல்லுற வேகத்தைத்தான் சொல்லும். கருவுக்கு ஆகுமா ஆகாதாங்கிறது அதுல இல்லை. பச்சைன்னு நம்பிடாதே. லேபிளை போனுல படம் எடுத்து டாக்டர்கிட்ட காட்டு.

இதை மட்டும் மறக்காதே: குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் மாதிரி மருந்து ஏறினாலும் குமட்டும், எச்சில் ஊறும், தலை சுத்தும். மசக்கைன்னு நினைச்சுப் படுத்துடுவோம். கூடவே வேர்த்துக் கொட்டி, கண்ணு மங்கி, நெஞ்சு இறுகி, தசை துடிச்சா அது மசக்கை இல்லை. துணியை மாத்தி, சோப்புப் போட்டுக் கழுவிட்டு, நேரா க.விலக்கு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கோ போ. கர்ப்பம்னு சொல்லு. அதுக்காக வைத்தியத்தைத் தள்ளிப்போட மாட்டாங்க.

ஒருநாள் வாடை பட்டதுக்கெல்லாம் கருவைக் கலைக்க ஓடாதே. காசர்கோட்டுக் கதையைக் கேட்டுப் பயந்துடாதே. அங்க முந்திரித் தோட்டத்து மேல எண்டோசல்பானை வருஷக்கணக்கா ஹெலிகாப்டர்ல தெளிச்சாங்க. 2011-ல உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்கே தடை போட்டுச்சு. அந்த ஊர் மக்கள் பட்டது வேற, உன் ஒருநாள் வேற. எந்த விஷமும் படாத தாய்க்கும் நூத்துல ரெண்டு மூணு பிள்ளை குறையோட பிறக்கிறது உண்டு. அஞ்சாம் மாச ஸ்கேன் உடம்பு அமைப்பைக் காட்டும். மூளை எப்படி வேலை செய்யும்ங்கிறதை எந்த ஸ்கேனும் காட்டாது. அதனாலதான் முன்கூட்டியே தள்ளி நிக்கச் சொல்றேன்.

திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிச்சுட்டு வர்ற மாப்பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வாசல்லயே சட்டையைக் கழட்டிடுங்க. மத்த துணியோட சேர்க்காம நீங்களே அலசிப் போடுங்க. குளிச்சுட்டு உள்ள வாங்க.