ஏழு வருட சர்வீஸ்

கேள்வி: செய்யாறு சிப்காட் ஷூ கம்பெனியில் 7 வருடம் தைத்தேன். குழந்தைக்காக நின்றுவிட்டேன். இப்போது கோயில் வாசலில் பூ விற்கிறேன். பி.எஃப். பென்ஷன் பணத்தை எடுத்துவிடலாமா?
– வாசகி, திருவண்ணாமலை

பதில்: எடுக்காதீர்கள், சகோதரி. 10 வருட சர்வீஸ் இருந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன். சட்டம் இருபாலருக்கும் ஒன்றுதான். ஆனால் தொட்டிலுக்காக வேலையை விடுவது யார்? எனக்கு மனசு ஆறவில்லை. 10-சி படிவத்தில் பணத்துக்குப் பதில் ஸ்கீம் சர்டிஃபிகேட் கேளுங்கள். மறுபடி பி.எஃப். உள்ள வேலையில் சேர்ந்தால் பழைய 7 வருடமும் கூடவே வரும். இன்னும் 3 போதும். பென்ஷன் பணம் எடுப்பதற்கான 2 மாதக் காத்திருப்பை 36 மாதமாக்க 2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு முடிவெடுத்தது. கைக்குழந்தைக்காரிக்கு அது கஷ்டம்தான். ஆனாலும் நல்லது என்பேன். வயது 40-க்குள் என்றால் அடல் பென்ஷனிலும் சேருங்கள். ஆறு மாதத் தவணை உண்டு. ஒன்றைக் கார்த்திகை தீபத்துப் பூக்காசில் கட்டிவிடலாம்.