அறையும் சேர்ந்து பாடுகிறது!

சாமான்கள் வந்து சேராத புது வீட்டில், காலி அறையில் நின்று பேசிப் பார்த்திருக்கிறீர்களா? குரல் கணீரென்று முழங்கும். ஆனால் சொற்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பும். கட்டிலும் மெத்தையும் துணிமணிகளும் வந்தபின் அங்கேயே பேசுங்கள். முழக்கம் அடங்கியிருக்கும். உங்கள் குரல் மாறவில்லை, அறைதான் மாறியிருக்கிறது.

ஸ்டீரியோவில் பாட்டுக் கேட்கும்போதும் இப்படித்தான். பாட்டு தெளிவாக இல்லையென்றால் பலர் ஒலிபெருக்கியின் மேல் பழி போட்டு, பணம் செலவழித்து வேறொன்று வாங்குகிறார்கள். புதியதும் அதேபோல் இரைகிறது! ஏனெனில் நம் காதுக்கு வருவது, ஒலிபெருக்கியிலிருந்து நேராக வரும் ஒலி மட்டுமன்று. சுவரிலும் தரையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியும் கூடவே வருகிறது.

1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சு விளங்கவில்லை. காரணம் கண்டறியும் பணி வாலஸ் சேபின் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் வந்தது. அக்கூடத்தில் எழுந்த ஒலி அடங்குவதற்கு ஐந்து விநாடிக்கு மேல் ஆயிற்று! அவர் அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பினார். மெத்தைகள் கூடக்கூட முழக்கம் குறைந்தது. அந்த ஆராய்ச்சியில் பிறந்ததுதான் இந்தச் சூத்திரம்:

எதிர்முழக்க நேரம் = 0.16 × அறையின் கன அளவு ÷ ஒலியை உட்கவரும் பரப்பு

ஒலியின் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரமே எதிர்முழக்க நேரம். திறந்த ஜன்னலில் விழும் ஒலி முழுவதும் வெளியே போய்விடுகிறது. எனவே அதன் எண் 1. பூச்சுப் பூசிய சுவருக்குச் சுமார் 0.03தான். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள காலி அறையை எடுத்துக்கொள்வோம். அதன் கன அளவு 36. மொத்தப் பரப்பு 66. எல்லாப் பக்கமும் பூச்சு என்றால் உட்கவரும் பரப்பு ஏறக்குறைய 2. எதிர்முழக்க நேரம் 2.9 விநாடி! மெத்தையும் திரையும் ஆட்களும் சேர்ந்து உட்கவரும் பரப்பு 10 ஆனால், 0.6 விநாடிதான்.

இனி உங்கள் வீட்டிலேயே செய்து பாருங்கள்.

முதலில் முக்கோணம். இரு ஒலிபெருக்கிகளையும் 2 மீட்டர் இடைவெளியில், காது உயரத்தில் வையுங்கள். இரண்டிலிருந்தும் 2 மீட்டர் தள்ளி உட்காருங்கள். ஒலி ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் 34 சென்டிமீட்டர் செல்கிறது. அவ்வளவு சிறிய வேறுபாட்டையும் காது உணர்ந்துவிடும். ஒரு பக்கம் நகர்ந்தால், நடுவில் நின்று பாடுவதுபோல் கேட்ட பாடகர் அந்தப் பக்கமே போய்விடுவார்!

அடுத்தது மூலை. ஒலிபெருக்கி மூலையில் இருந்தால் தாழ்ந்த சுரங்கள் அளவுக்கு மீறி முழங்கும். விநாடிக்கு 50 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் 6.8 மீட்டர். இவ்வளவு நீண்ட அலையைத் திரைச்சீலை தடுக்காது. ஒலிபெருக்கியைச் சாண் சாணாக முன்னுக்கு நகர்த்திக் கேட்பதே வழி.

மூன்றாவது கண்ணாடி. நீங்கள் உங்கள் இடத்திலேயே இருங்கள். தம்பியோ தங்கையோ பக்கச் சுவரோடு ஒட்டி ஒரு முகக்கண்ணாடியை நகர்த்தட்டும். ஒலிபெருக்கி எந்த இடத்தில் கண்ணாடியில் தெரிகிறதோ, அங்கேதான் அதன் ஒலியும் பட்டு உங்களிடம் திரும்புகிறது. படுகோணமும் மீள்கோணமும் சமம் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அந்த இடத்தில் ஒரு தடித்த ஜமக்காளத்தைச் சுவரிலிருந்து சற்றே விலக்கித் தொங்கவிடுங்கள். எதிர்ச் சுவருக்கும் அப்படியே.

ஆனால் சுவர் முழுவதையும் மூடிவிடாதீர்கள். மெல்லிய துணி உயர்ந்த சுரங்களையே விழுங்கும். பாட்டு உயிரற்றுப் போகும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் ஒருமுறை கைதட்டி, வேறுபாட்டைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். புது ஒலிபெருக்கி வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் அந்தக் குறிப்பேட்டைக் காட்டுங்கள்!