விண்ணப்பங்கள் இடங்களை மிஞ்சும்போது: பாடசாலை இடங்கள் பங்கிடப்படும் முறை

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 1ஆம் திகதி, இங்கிலாந்தில் இடைநிலைப் பாடசாலையின் ஏழாம் ஆண்டு வகுப்புக்கு விண்ணப்பித்த பெற்றோருக்கு முடிவு அறிவிக்கப்படுகிறது. ஆரம்பப் பாடசாலையின் ரிசெப்சன் வகுப்புக்கு விண்ணப்பித்தோருக்கு அந்நாள் ஏப்ரல் 16 ஆகும். அத்தினங்கள் விடுமுறை நாள்களாயின் அடுத்த வேலை நாளில் முடிவு வெளியாகும். ஒரே தெருவில் வாழும் இரு பிள்ளைகளுள் ஒருவருக்கு விரும்பிய பாடசாலை கிடைக்க, மற்றவருக்குக் கிடைக்காமற்போவதும் உண்டு. அவ்வேளையில் செல்வாக்கு, அதிபரின் விருப்பு வெறுப்பு, பாகுபாடு எனப் பல ஐயங்கள் எழுகின்றன. ஆயினும் இடங்களைப் பங்கிடுவதற்கு முன்கூட்டியே எழுதப்பட்டு வெளியிடப்பட்ட விதிகள் உள்ளன. அவற்றை விண்ணப்பிக்கும் முன்னரே அறிந்துகொள்ளும் குடும்பம் தன் வாய்ப்பைத் தானே பெருமளவு கணித்துக்கொள்ள முடியும்.

விருப்பம் தெரிவிக்கும் உரிமை

பாடசாலையைத் "தெரிவு செய்தல்" என்று பேச்சு வழக்கில் கூறப்பட்டாலும், 1998ஆம் ஆண்டின் பாடசாலைத் தராதரங்கள் மற்றும் கட்டமைப்புச் சட்டம் பெற்றோருக்கு அளிப்பது விருப்பம் தெரிவிக்கும் உரிமையையே. இடங்கள் போதுமானவையாக இருந்தால், விண்ணப்பித்த அனைவருக்கும் இடம் வழங்கப்பட வேண்டும். பரீட்சை மூலம் மாணவரைத் தெரிவு செய்யும் கிராமர் பாடசாலைகள் மட்டுமே இதற்கு முக்கிய விதிவிலக்கு. விண்ணப்பங்கள் இடங்களை மிஞ்சும்போதுதான் முன்னுரிமை விதிகள் நடைமுறைக்கு வருகின்றன.

அவ்விதிகளை வகுப்பது எப்போதும் நகரசபை அன்று. சமூகப் பாடசாலைகளுக்கு நகரசபையும், அக்கடமிகளுக்கு அவற்றை நடத்தும் அறக்கட்டளையும், பெரும்பாலான மதஞ்சார் பாடசாலைகளுக்கு அவற்றின் ஆளுநர் சபையும் விதிகளை வகுக்கின்றன. எனவே ஒரே நகரசபைப் பகுதியிலுள்ள இரு பாடசாலைகளின் விதிகள் வெவ்வேறாக இருக்கலாம். எனினும் அவை அனைத்தும் நாடு முழுவதற்கும் பொதுவான பாடசாலை அனுமதி விதிக்கோவைக்குக் கட்டுப்பட்டவை.

முன்னுரிமை வரிசை

கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம் ஒன்றில் ஒரு பாடசாலையின் பெயர் குறிப்பிடப்பட்டிருப்பின், அப்பிள்ளைக்கு அப்பாடசாலை இடம் வழங்கியே ஆக வேண்டும். முன்னுரிமை வரிசை அதன் பின்னரே தொடங்குகிறது. அவ்வரிசையில் முதலிடம் நகரசபையின் பராமரிப்பில் உள்ள அல்லது முன்னர் இருந்த பிள்ளைகளுக்கு உரியது. வேறு நாட்டில் அரச பராமரிப்பில் இருந்து பின்னர் தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளும் 2021ஆம் ஆண்டு முதல் இப்பிரிவில் அடங்குகின்றனர். கிராமர் மற்றும் மதஞ்சார் பாடசாலைகளில் இப்பிரிவின் பயன்பாட்டில் சில வேறுபாடுகள் உண்டு.

அதற்குப் பின்வரும் ஒழுங்கைப் பாடசாலையே தீர்மானிக்கலாம். பொதுவாகக் காணப்படுபவை இவை:

- அப்பாடசாலையில் ஏற்கெனவே கற்கும் உடன்பிறப்பு உள்ள பிள்ளைகள்
- அப்பாடசாலையையே அவசியமாக்கும் விசேட மருத்துவ அல்லது சமூகத் தேவை உள்ள பிள்ளைகள்
- அங்கு பணியாற்றும் ஊழியரின் பிள்ளைகள்
- குறிக்கப்பட்ட சேர்க்கை எல்லைக்குள் வாழும் பிள்ளைகள்
- ஏனையோர், வீட்டிலிருந்து பாடசாலைக்குள்ள தூரத்தின்படி

உடன்பிறப்பு என்பதில் மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை வழிப் பிள்ளைகளும் வளர்ப்புப் பிள்ளைகளும் அடங்குவரா என்பதைப் பாடசாலையின் விதியில் பார்த்தறிய வேண்டும். மருத்துவத் தேவை எனக் கோரும்போது பிள்ளைக்கு நோய் உண்டு என்ற சான்று மட்டும் போதாது. அந்தப் பாடசாலையே ஏன் பொருத்தமானது என்பதை மருத்துவர் அல்லது சமூக சேவையாளர் எழுத்தில் விளக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

60 இடங்களுள்ள ஒரு பாடசாலைக்கு 150 விண்ணப்பங்கள் வந்தன என எடுத்துக்கொள்வோம். பராமரிப்புத் திட்டத்தில் பெயர் குறிக்கப்பட்டோர் இருவர்; நகரசபைப் பராமரிப்பில் உள்ளோர் மூவர்; உடன்பிறப்பு உள்ளோர் 25 பேர்; மருத்துவத் தேவை உள்ளவர் ஒருவர். இவ்வாறு 31 இடங்கள் நிரம்பிவிடுகின்றன. எஞ்சிய 119 பிள்ளைகளுக்கு மீந்திருப்பவை 29 இடங்கள். அப்பிள்ளைகள் தூரத்தின்படி வரிசைப்படுத்தப்பட்டு, அருகில் வாழும் 29 பேருக்கு இடம் வழங்கப்படுகிறது. அந்த 29ஆம் பிள்ளையின் வீட்டுத் தூரமே அவ்வாண்டின் "இறுதித் தூரம்" ஆகும்.

மறு ஆண்டில் உடன்பிறப்புகள் 35 பேராயின், ஏனைய எண்கள் மாறாதிருப்பினும், தூரத்தின்படி வழங்க 19 இடங்களே எஞ்சும். எல்லை தானாகவே சுருங்கும். "சென்ற ஆண்டு எங்கள் தெருவுக்குக் கிடைத்தது" என்ற நம்பிக்கை பொய்த்துப்போவதற்கு இதுவே முக்கிய காரணம். ஆகையால் ஓராண்டின் இறுதித் தூரத்தை மட்டும் பாராது, கடந்த சில ஆண்டுகளின் தூரங்களை ஒப்பிடுவது நன்று. இவ்விவரம் நகரசபை வெளியிடும் அனுமதிக் கைநூலில் இடம்பெறும்.

தூரம் அளக்கப்படும் முறையும் ஒன்றன்று. சில பாடசாலைகள் நேர்கோட்டுத் தூரத்தையும், சில நடைபாதைத் தூரத்தையும் கணக்கில் எடுக்கின்றன. வாகனத்தில் காட்டப்படும் தூரத்தைக் கொண்டு கணிப்பது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். ஒரே மாடிக் கட்டடத்தில் வாழும் இரு பிள்ளைகளின் தூரம் சமமாயின் குலுக்கல் முறை பயன்படலாம். அதைப் பாடசாலையைச் சாராத ஒருவர் மேற்பார்வை செய்ய வேண்டும். அன்றியும், பிள்ளை நகரசபையின் எல்லைக்கு அப்பால் வாழ்கிறது என்ற ஒரே காரணத்திற்காக அதைப் பின்தள்ளலாகாது என்பது கிரெனிச் நகரசபை தொடர்பான வழக்கில் 1989ஆம் ஆண்டில் நிலைநாட்டப்பட்டது. எனவே எல்லையோரம் வாழும் குடும்பங்கள் அயல் நகரசபையின் பாடசாலைகளையும் பட்டியலிற் சேர்க்கலாம். விண்ணப்பத்தை மட்டும் தாம் வாழும் நகரசபைக்கே அனுப்ப வேண்டும்.

விருப்ப வரிசையின் பொருள்

லண்டனில் ஆறு பாடசாலைகள் வரை குறிப்பிடலாம். இங்கிலாந்தின் எப்பகுதியிலும் குறைந்தது மூன்று பாடசாலைகளைக் குறிப்பிட வாய்ப்பளிக்கப்பட வேண்டும். "முதலாவதாக எழுதினால்தான் பாடசாலை மதிக்கும்" என்ற எண்ணம் தமிழ்க் குடும்பங்களிடையே இன்றும் நிலவுகிறது. முதல் விருப்பமாக எழுதியோருக்கு முன்னுரிமை அளிக்கும் பழைய முறையை 2007ஆம் ஆண்டின் விதிக்கோவை தடைசெய்துவிட்டது. இன்று நடைமுறையிலுள்ளது சமவிருப்ப முறை.

இம்முறையில் ஒவ்வொரு பாடசாலையும் தனக்கு விண்ணப்பித்த அனைவரையும் தன் விதிப்படி மட்டும் வரிசைப்படுத்துகிறது. பெற்றோர் அதை எத்தனையாவதாக எழுதினர் என்பது அவ்வரிசையைப் பாதிக்காது. பின்னர் நகரசபை அவ்வரிசைகளை ஒன்றுசேர்க்கிறது. ஒரு பிள்ளைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளில் இடம் கிடைக்கும் நிலை இருப்பின், பெற்றோரின் பட்டியலில் மேலே உள்ள பாடசாலையின் இடமே வழங்கப்படும். ஏனைய இடங்கள் அடுத்த பிள்ளைகளுக்குச் செல்லும்.

ஒரு பெற்றோர் "அ" பாடசாலையை முதலாவதாகவும், "ஆ" பாடசாலையை இரண்டாவதாகவும், "இ" பாடசாலையை மூன்றாவதாகவும் எழுதினர் எனக் கொள்வோம். "அ" வில் அப்பிள்ளைக்கு இடம் எட்டவில்லை. "ஆ", "இ" இரண்டிலும் எட்டுகிறது. அப்பிள்ளைக்கு "ஆ" கிடைக்கும். "ஆ" வையே முதலாவதாக எழுதிய வேறொரு பிள்ளை அப்பாடசாலைக்குத் தொலைவில் வாழ்ந்தால், முதல் விருப்பம் என்பதற்காக முந்திச்செல்ல முடியாது. ஆகவே "அ" வை முதலாவதாக எழுதியதால் இக்குடும்பம் எதனையும் இழக்கவில்லை. 1962ஆம் ஆண்டில் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்னும் கணிதவியலாளர் இருவர் வெளியிட்ட பொருத்துமுறையின் தர்க்கமும் இதுவே: மெய்யான விருப்பத்தை மெய்யான ஒழுங்கில் எழுதுவதே விண்ணப்பிப்பவருக்கு நன்மை தரும்.

இதிலிருந்து பெறப்படும் பாடங்கள் இரண்டு. உண்மையில் விரும்பும் ஒழுங்கிலேயே எழுத வேண்டும் என்பது முதலாவது. பட்டியலில் குறைந்தது ஒரு பாடசாலையாவது கடந்த ஆண்டுகளின் நிலவரப்படி நிச்சயம் எட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஒரே பாடசாலையின் பெயரை மட்டும் எழுதிவிட்டு ஏனைய இடங்களை வெறுமையாக விடுவது அப்பாடசாலையில் வாய்ப்பைக் கூட்டாது. அது கிடைக்காவிடில், ஏனையோருக்குப் பங்கிட்டபின் எங்கு வெற்றிடம் உள்ளதோ அங்கேயே இடம் கிடைக்கும். அது இரு பேருந்துகள் மாறிச் செல்லும் தொலைவிலும் இருக்கலாம்.

மதஞ்சார் பாடசாலைகளும் கிராமர் பாடசாலைகளும்

கத்தோலிக்கப் பாடசாலைகள் முதலான மதஞ்சார் பாடசாலைகள், இடங்களைவிட விண்ணப்பங்கள் கூடும்போது தம் மதத்தவருக்கு முன்னுரிமை அளிக்கலாம். அவற்றுட் பல, நகரசபை விண்ணப்பத்திற்கு மேலதிகமாக ஒரு துணைத் தகவற் படிவத்தையும் கோருகின்றன. ஞானஸ்நானச் சான்றிதழ், பங்குத்தந்தையின் உறுதிப்பாடு போன்றவை வேண்டப்படலாம். தாயகத்தில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையின் சான்றிதழைத் தருவிக்கக் காலம் எடுக்குமாதலால் முன்கூட்டியே முயல்வது அவசியம். துணைப் படிவத்தை மட்டும் அனுப்பி நகரசபை விண்ணப்பத்தை மறந்த பெற்றோரின் பிள்ளை, விண்ணப்பிக்காத பிள்ளையாகவே கருதப்படும்.

கிராமர் பாடசாலைகளின் லெவன் பிளஸ் பரீட்சைக்குத் தனியாகப் பதிய வேண்டும்; அப்பதிவு பெரும்பாலும் பிள்ளை ஆறாம் ஆண்டைத் தொடங்கும் முன்னரே முடிவடைந்துவிடும். பரீட்சையில் தகுதி பெறுவது இடம் பெறுவதாகாது. தகுதி பெற்றோர் தொகை இடங்களை மிஞ்சினால், புள்ளி வரிசையோ தூரமோ முடிவு செய்யும்.

கணக்கில் வராதவை

தாயகத்தின் அனுபவத்தைக் கொண்டு இங்குள்ள முறையை அளவிடுவது பொருந்தாது. இலங்கையின் முதலாம் தர அனுமதியில் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கென ஒரு பிரிவு உண்டு. நேர்முகத் தேர்வும் உண்டு. இங்கோ விடுதிப் பாடசாலைகள் தவிர்ந்த அரச பாடசாலைகள் பிள்ளையையோ பெற்றோரையோ நேர்முகம் காண்பது தடைசெய்யப்பட்டுள்ளது. நன்கொடை, பெற்றோரின் கல்வித் தகுதி, வருமானம், தொழில் ஆகியவற்றைக் கொண்டு முன்னுரிமை வழங்கவும் முடியாது. பிள்ளையின் குடியுரிமையையோ குடிவரவு நிலையையோ காரணங்காட்டி இடத்தை மறுக்கவும் முடியாது. பாலர் வகுப்பில் கற்கும் பிள்ளை தானாகவே ரிசெப்சன் வகுப்புக்கு உயர்வதில்லை. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மூத்த பிள்ளை அங்கு கற்பதும் இளையவரின் விண்ணப்பத்திற்கு ஈடாகாது.

முகவரி

விண்ணப்பத்தில் குறிக்க வேண்டியது பிள்ளை வழமையாக வாழும் வீட்டின் முகவரி. பாடசாலைக்கு அருகில் வாழும் அம்மம்மாவின் முகவரியையோ, மாமாவின் கடை முகவரியையோ பயன்படுத்துதல் பாரதூரமானது. பொய்யான தகவலால் பெறப்பட்ட இடம் மீளப்பெறப்படலாம். அவ்வேளை ஏனைய நல்ல பாடசாலைகளின் இடங்களும் நிரம்பியிருக்கும். மறுபுறம், உறவினர் வீட்டில் உண்மையாகவே வாழும் குடும்பங்களும், வாடகை ஒப்பந்தம் தம் பெயரில் இல்லாத குடும்பங்களும் அஞ்ச வேண்டியதில்லை. அந்நிலையை விண்ணப்பிக்கும்போதே நகரசபைக்குத் தெரிவித்து, எவ்வகைச் சான்று ஏற்கப்படும் என்பதைக் கேட்டறிதல் வேண்டும்.

இடம் கிடைக்காதபோது

வழங்கப்பட்ட இடத்தை ஏற்றுக்கொள்வதால் காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் உரிமையோ மேன்முறையீட்டு உரிமையோ அற்றுப்போவதில்லை. வேறு ஏற்பாடு இல்லாமல் அதை மறுத்தால், பிள்ளைக்கு எந்த இடமும் இல்லாத நிலை உருவாகலாம்.

காத்திருப்போர் பட்டியலைக் குறைந்தது டிசெம்பர் 31 வரை பாடசாலை பேண வேண்டும். அப்பட்டியல் முந்திப் பதிந்தவருக்கு முதலிடம் தருவதன்று. முன்னுரிமை விதிகளின்படியே வரிசைப்படுத்தப்படும். ஆகையால் மூன்றாம் இடத்திலிருந்த பிள்ளை, அருகில் ஒரு குடும்பம் குடிவந்தபின் நான்காம் இடத்திற்கு இறங்குவதும் நேரும்.

மேன்முறையீட்டைப் பாடசாலையைச் சாராத, குறைந்தது மூவர் கொண்ட குழு விசாரிக்கும். முடிவு அறிவிக்கப்பட்டதிலிருந்து குறைந்தது 20 பாடசாலை நாள்கள் மேன்முறையிட அவகாசம் உண்டு. குழு இரண்டை ஆராயும்: விதிகள் சரியாகப் பின்பற்றப்பட்டனவா என்பது ஒன்று, மேலும் ஒரு பிள்ளையைச் சேர்ப்பதால் பாடசாலைக்கு ஏற்படும் இடரைவிட, அப்பிள்ளையின் தேவை பெரிதா என்பது மற்றொன்று. எனவே "நல்ல பாடசாலை" எனப் புகழ்வதைவிட, தூரம் தவறாக அளக்கப்பட்டது, உடன்பிறப்பு விவரம் விடுபட்டது, பிள்ளையின் தேவையை அப்பாடசாலையே நிறைவுசெய்யும் என்பன போன்ற சான்றுள்ள காரணங்களே பயன் தரும். ரிசெப்சன் முதல் இரண்டாம் ஆண்டு வரை ஒரு வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்ற சட்ட வரம்பு இருப்பதால், அவ்வகுப்புகளுக்கான மேன்முறையீடுகள் மிகக் குறுகிய காரணங்களாலேயே வெற்றிபெறும். உதவிக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாம். மொழிபெயர்ப்பாளர் தேவையெனின் மேன்முறையீட்டுப் படிவத்திலேயே குறிப்பிட வேண்டும். குழுவின் முடிவு பாடசாலையைக் கட்டுப்படுத்தும்.

கல்வியாண்டின் நடுவே இப்பகுதிக்குக் குடிவரும் குடும்பங்கள் எந்நேரமும் விண்ணப்பிக்கலாம். 15 பாடசாலை நாள்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். இடம் கிடைக்காத அகதிகள், புகலிடம் கோருவோர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு, நியாயமான அனுமதி ஏற்பாட்டின் வழியாக இடம் தேடித்தரப்படும்.

நினைவிற்கொள்ள வேண்டிய நாள்கள்

- ஏழாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்க இறுதி நாள்: ஒக்டோபர் 31
- ரிசெப்சன் வகுப்புக்கு விண்ணப்பிக்க இறுதி நாள்: ஜனவரி 15
- ஏழாம் ஆண்டு முடிவு: மார்ச் 1
- ரிசெப்சன் வகுப்பு முடிவு: ஏப்ரல் 16

உரிய நாளில் வந்த விண்ணப்பங்கள் யாவும் தீர்க்கப்பட்ட பின்னரே பிந்திய விண்ணப்பங்கள் ஆராயப்படும். பாடசாலைக்கு மிக அருகில் வாழும் பிள்ளைகூட, பெற்றோர் ஒரு வாரம் பிந்தியமையால் அவ்விடத்தை இழக்க நேரலாம். தூரத்தையும் ஏனையோரின் விண்ணப்பங்களையும் எவரும் மாற்ற முடியாது. உரிய நாளில், உண்மையான விவரங்களுடன், நன்கு ஆராய்ந்த பட்டியலை அனுப்புவது ஒவ்வொரு பெற்றோரின் கையிலும் உள்ளது.