சித்திரையில் பார்த்த மண்

வாலாஜாபாத்தில் பாலாற்றங்கரைப் பக்கம் மனை வாங்கியவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை. அங்கே தோண்டினால் மணல், எவ்வளவு ஊற்றினாலும் இறங்கிவிடும். ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த நஞ்சையில் கிராவல் கொட்டி, கல் நட்டு, மனையாக விற்கிறார்களே, அங்கே கட்டப் போகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன். அதிலும் வீட்டுக்குள் குழித்தறி போடப் போகிறவர்கள் இரண்டு தடவை படியுங்கள்.

எங்கள் மனையில் கிராவலுக்குக் கீழே களி. சித்திரையில் வானம் தோண்டினோம். ஆட்கள் கடப்பாரை போட்டுத்தான் பெயர்த்தார்கள். "கெட்டி மண்ணும்மா, மூணு மாடி தாங்கும்" என்றார் மேஸ்திரி. நான் ஒரு கட்டியை எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்தேன். மறுநாள் விரலால் உருட்டி அழுத்தினால் அறுந்துபோகாமல் நாடாவாக நீண்டது. வீட்டுக்காரரிடம் காட்டினேன். "தறியில உட்காருறவங்களுக்கு மண்ணைப் பத்தி என்ன தெரியும்" என்று அவருடைய அண்ணன் சிரித்தார். மேஸ்திரியைக் கூட்டிவந்ததும் அவர்தான்.

செப்டிக் டேங்க்கிலிருந்து வெளியேறும் தண்ணீருக்கு உறை இறக்கலாம் என்றார்கள். இடம் தறிக்கூடத்துச் சுவரை ஒட்டி. இந்த மண்ணில் தண்ணீர் இறங்குமா என்று கேட்டேன். மேஸ்திரி குழியில் இரண்டு வாளி ஊற்றிக் காட்டினார். மடமடவென்று போனது. "பாருங்க, எப்படிக் குடிக்குது!"

குடித்தது மண் இல்லை, வெடிப்பு. களி காய்ந்தால் சுருங்கி ஆழமாகப் பிளக்கும். ஈரம் பட்டால் உப்பி அந்தப் பிளவெல்லாம் மூடிக்கொள்ளும், அப்புறம் சொட்டுத் தண்ணீர் இறங்காது. அதனால்தான் குழியை முந்தின நாளே நிரப்பி ஊறவைத்து, மறுநாள் மறுபடி ஊற்றி, 25 மில்லிமீட்டர் இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கச் சொல்கிறார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் போனால் உறையை மறந்துவிடுங்கள். வெறும் குழியும் ஒரு ஸ்கேலும் போதும், செலவே இல்லை.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனதே, அந்த மழையில் எங்கள் உறை நிரம்பி நின்றது. வீட்டிலேயே பள்ளமான இடம் தறிக்குழி. காலை மிதி மேல் வைத்தால் கணுக்கால் வரை தண்ணீர், அதுவும் எந்தத் தண்ணீர்! மழைக்காலத்தில் தறிக்குழி ஈரம் காப்பது நெசவாளர் வீட்டில் புதிதில்லை, இரண்டு நாள் தறியை நிறுத்துவோம், அவ்வளவுதான். இது அப்படியில்லை. தறியில் கோர்வைச் சேலை ஏறியிருந்தது. கழிவுநீரிலிருந்து கிளம்பும் வாயு வெள்ளியைக் கறுக்க வைக்கும், சரிகையிலும் வெள்ளி உண்டு. பார்டரில் முந்தின வாரம் நெய்த பகுதி மங்கிப் பழுப்பேறிவிட்டது. முதலாளி விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கூலியைக் குறைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. யாரைச் சொல்ல வேண்டுமோ அந்த மூத்தார் அன்றைக்கு வீட்டுப் பக்கமே வரவில்லை.

உறைக்கும் வீட்டுக்கும் இடையே 6 மீட்டர், குடிதண்ணீர்க் கிணற்றுக்கு 18 மீட்டர் விட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயத்திலேயே இருக்கிறது. அரை கிரவுண்டு மனையில் எங்கே போவது என்று கேட்பீர்கள். நாங்கள் உறையை மூடிவிட்டோம். டேங்க்கைத் தண்ணீர் கசியாதபடி அடியோடு பூசி, வெளியேறும் நீரைப் பின்பக்கம் ஜல்லியும் மணலும் போட்டு உயர்த்திய பாத்தியில் விட்டு, கல்வாழை நட்டோம். டேங்க் சுத்தம் செய்ய லாரியை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுவிட வேண்டும், நிரம்பி வழியட்டும் என்று இருக்கக்கூடாது.

அஸ்திவாரம்? ஜன்னல் மூலையில் சாய்வாக ஒரு வெடிப்பு, கோடையில் விரியும், மழையில் சேரும். இந்த மாதிரி மண்ணுக்கென்றே ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அண்டர் ரீம்டு பைல் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அடியில் குமிழ் போல அகன்று, ஈரம் ஏறி இறங்காத ஆழத்தில் பிடித்துக்கொள்ளும். தரை மட்டத்தில் பீம் வேண்டும். பொறியாளரிடம் கேளுங்கள், சொந்தக்காரரிடம் கேட்காதீர்கள். சுவரோரம் வேம்பு வைக்காதீர்கள். வேர் ஈரத்தை உறிஞ்சினால் அந்தப் பக்கம் மட்டும் மண் இறங்கும்.

தோட்டத்தில் முருங்கை இரண்டு முறை அழுகியது. களியில் மணல் கலந்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், காய்ந்ததும் செங்கல்லாகிவிடும். தொழு உரமும் சருகும் போட்டு மேட்டுப் பாத்தி கட்டியபிறகு கத்தரி வந்தது. வாழைக்கு ஒன்றும் செய்யவில்லை, அதுவாகவே வந்தது.

மேஸ்திரிக்குக் கடைசித் தவணையைக் கார்த்திகை மழை பார்த்துக் கொடுங்கள். எங்கள் வீட்டில் கிரகப்பிரவேசத்தன்றே வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தார்கள். என்னைக் கேட்கவில்லை.