கடல் கடந்த மழலைக் கல்வி

நுழையும்முன்

பணி தேடிக் கடல் கடப்போரை எண்ணும்போது பொறியாளரும் மருத்துவரும் செவிலியருமே நம் நினைவுக்கு வருகின்றனர். மூன்று வயதுக் குழந்தையோடு தரையில் அமர்ந்து கதை சொல்லும் ஆசிரியரை எவரும் அவ்வரிசையில் வைத்துப் பார்ப்பதில்லை. ஆயினும், நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அத்தொழிலும் நாடுவிட்டு நாடு சென்றுகொண்டுதான் இருக்கிறது. அது எவ்வாறு சென்றது, எங்கே தடைப்பட்டது, இன்று அதனை நாடும் இளையோர் எவற்றை அறிந்திருத்தல் வேண்டும் என்பவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தோட்டம் என்னும் சொல்

ஜெர்மனி நாட்டுக் கல்வியாளர் ஃபிரெடரிக் ஃபிரோபெல், பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளுக்காகத் தாம் தொடங்கிய நிலையத்திற்கு 1840ஆம் ஆண்டில் 'கிண்டர்கார்ட்டன்' எனப் பெயரிட்டார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். விளையாட்டே குழந்தையின் கல்வி என்றார் அவர். இக்கருத்து அன்றைய ஆட்சியாளர்க்கு ஐயத்தைத் தந்தது. 1851இல் பிரஷ்ய அரசு இந்நிலையங்களுக்குத் தடை விதித்தது. மரக்கட்டைகளும் பந்துகளும் வைத்துக் குழந்தைகள் விளையாடுவதைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது என்பது இன்று நமக்கு நகைப்பைத் தரலாம். ஆனால், குழந்தை எப்படி வளர வேண்டும் என்னும் வினா எக்காலத்திலும் அரசியலோடு தொடர்புடையதாகவே இருந்துவந்துள்ளது.

ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய மார்கரெட் ஷுர்ஸ் என்னும் பெண்மணி, 1856இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரில் தம் மகளையும் உறவினர் குழந்தைகள் சிலரையும் கூட்டி ஒரு கிண்டர்கார்ட்டனைத் தொடங்கினார். அமெரிக்க மண்ணின் முதல் கிண்டர்கார்ட்டன் எனப் போற்றப்படும் அதன் பயிற்றுமொழி ஜெர்மன். ஆசிரியரோடு அவருடைய மொழியும் கப்பலேறி வந்திருந்தது. கேட்கும் குழந்தைகளின் வீட்டுமொழியும் அதுவே. ஆகவே, இடர் ஏதும் எழவில்லை.

மொழிபெயர்ப்பாளரின் துணை

இடர் எழுந்தது ஜப்பானில். 1876இல் டோக்கியோ மகளிர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் அந்நாட்டின் முதல் அரசுக் கிண்டர்கார்ட்டன் திறக்கப்பட்டது. அதன் தலைமை ஆசிரியையாகப் பொறுப்பேற்றவர் கிளாரா மட்சுனோ. ஜெர்மனியில் பிறந்து, அங்குக் காட்டியல் பயிலச் சென்ற ஜப்பானியர் ஒருவரை மணந்து டோக்கியோவுக்கு வந்தவர் அவர். ஃபிரோபெலின் முறையை நேரில் அறிந்தவர் அவரே. ஆனால், ஜப்பானிய மொழியில் கற்பிக்கும் திறன் அவரிடம் இல்லை. எனவே அவர் ஆங்கிலத்தில் எடுத்துரைத்ததை, நிலையத்தின் மேலாளர் செகி ஷின்சோ ஜப்பானிய மொழியில் பெயர்த்துரைத்தார். அதனைக் கேட்டறிந்த ஜப்பானியப் பெண்கள் குழந்தைகளிடம் சென்றனர்.

இந்த வழிமுறையைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். முறை கடல் கடந்தது. பொருள்களும் கடல் கடந்தன. குழந்தையின் காதில் விழும் சொல்லை மட்டும் உள்ளூர்ப் பெண்ணே தர வேண்டியிருந்தது.

அறுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் இதே காட்சி சென்னையில் அரங்கேறியது. ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் 1907இல் ஏழைக் குழந்தைகளுக்கான இல்லத்தைத் தொடங்கிப் புகழ்பெற்ற மரியா மாண்டிசோரி, பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று 1939இல் அடையாற்றுக்கு வந்தார். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 300 பேர் பயிற்சிக்குத் திரண்டனர். மாண்டிசோரி இத்தாலிய மொழியில் உரையாற்ற, மகன் மாரியோ அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஆங்கிலத்தில் கேட்டவர்கள் தத்தம் ஊருக்குச் சென்று தமிழிலும் குஜராத்தியிலும் பிற மொழிகளிலும் குழந்தைகளோடு பேசினர்.

சில திங்கள் தங்கும் எண்ணத்தோடு வந்தவரை உலகப்போர் இங்கேயே நிறுத்திவிட்டது. 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கில அரசு மாரியோவைக் காவல் முகாமில் அடைத்தது. மாண்டிசோரி அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாதெனக் கட்டுப்படுத்தியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாம் பிறந்தநாள். அன்று மகன் விடுவிக்கப்பட்டார். பின்னர் இருவரும் கொடைக்கானலில் தங்கிப் பணியைத் தொடர்ந்தனர். அவருடைய முதன்மை நூல்களுள் ஒன்றான 'உள்வாங்கும் மனம்' 1949இல் அடையாற்றிலேயே ஆங்கிலத்தில் அச்சேறியது. உலகெங்கும் மழலையர் ஆசிரியர் பயிலும் ஒரு நூல் நம் மண்ணில் முதலில் வெளிவந்தது என்பது பலர் அறியாத செய்தி.

தெரிந்து தெளிவோம்

நியூசிலாந்தின் மழலையர் கலைத்திட்டத்தின் பெயர் 'தே ஃபாரிக்கி'. மாவோரி மொழியில் இதற்கு நெய்த பாய் என்பது பொருள். 1996இல் வெளியிடப்பட்ட இத்திட்டம் 2017இல் திருத்தப்பட்டது. இதற்கும் முன்பே, 1982இல், மாவோரி மொழி அழியாமல் காக்க 'மொழிக்கூடு' என்னும் பொருள்படும் 'கோஹங்கா ரேயோ' மழலையர் நிலையங்கள் தோன்றின. அவற்றில் மூத்தோர் குழந்தைகளோடு மாவோரி மொழியிலேயே உரையாடினர்.

இன்றைய வாயில்கள்

இன்று இத்துறையில் அயல்நாட்டுப் பணியை நாடுவோர் முதலில் ஒரு வேறுபாட்டை அறிதல் நன்று. ஒரு பள்ளி நம் சான்றிதழை ஏற்பது வேறு. ஒரு நாடு நம்மை ஆசிரியராகப் பதிவு செய்வது வேறு. மாண்டிசோரி 1929இல் நிறுவிய பன்னாட்டுச் சங்கத்தின் பட்டயத்தைப் பல நாடுகளின் மாண்டிசோரிப் பள்ளிகள் மதிக்கின்றன. ஆனால், நியூசிலாந்தில் முழுத்தகுதி பெற்ற மழலையர் ஆசிரியராகப் பணியாற்ற அந்நாட்டு ஆசிரியர் மன்றத்தில் பதிவு பெற வேண்டும். ஜெர்மனியிலோ இத்தொழிலுக்கு அரசு அங்கீகாரம் தேவை. நம் படிப்பு அதற்கு ஈடானதா என்பதை அந்நாட்டு மாநிலங்கள் ஆராய்ந்தே முடிவு செய்யும். 'பன்னாட்டு' என்னும் சொல் சான்றிதழின் தலைப்பில் இருப்பதால் மட்டும் எந்த நாட்டின் கதவும் திறவாது. சில மாதப் படிப்புக்குப் பெருந்தொகை கேட்கும் நிறுவனங்களிடம், இச்சான்றிதழை எந்நாட்டின் எந்த அமைப்பு ஏற்கிறது என்று கேட்பதே முதல் தற்காப்பு. அவ்வமைப்பின் அதிகாரப்பூர்வ அறிவிப்பைத் தாமே படித்துச் சரிபார்ப்பது இரண்டாவது.

அடுத்தது மொழி. பொறியாளர் ஒருவர் ஆங்கிலத்தின் துணையோடு பெர்லினில் பணியாற்றிவிடலாம். அழுதுகொண்டிருக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு ஆங்கிலம் தெரியாது. அது தன் தாய்மொழியில்தான் அழும். அம்மொழியில்தான் ஆறுதலும் பெறும். ஆகையால், ஜெர்மனி, பின்லாந்து போன்ற நாடுகளில் அந்நாட்டு மொழியில் சரளமாகப் பேசவும் எழுதவும் வல்லவரே பொதுவாக இப்பணிக்கு உரியவர். மொழி பயில ஆகும் காலத்தையும் படிப்புக் காலத்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

நம் மொழியே தகுதியாக அமையும் இடமும் உண்டு. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. அங்குக் கல்வி அமைச்சு 2014 முதல் நடத்திவரும் பாலர் பள்ளிகளில் குழந்தைகள் ஆங்கிலத்தோடு சீனம், மலாய், தமிழ் ஆகியவற்றுள் ஒன்றைத் தாய்மொழிப் பாடமாகப் பயில்கின்றனர். பாட்டும் கதையும் விடுகதையும் அறிந்த தமிழாசிரியர்க்கு அங்கே வேலை இருக்கிறது.

ஊதியத்தைப் பற்றியும் மறைக்காமல் கூற வேண்டும். பல நாடுகளில் மழலையர் ஆசிரியரின் ஊதியம் பள்ளி ஆசிரியரின் ஊதியத்தைவிடக் குறைவு. 'பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலை' என்னும் ஏளனம் நம் ஊரில் மட்டும் கேட்கும் குரலன்று. இவற்றை அறிந்தபின்னும் இப்பணியை விரும்புவோர் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே தொடங்கக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. அது உற்றுநோக்கல். மாண்டிசோரி தம் மாணவர்களிடம் வலியுறுத்தியது இதனையே. குழந்தை ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்கு நீரை ஊற்றுகிறது, சிந்துகிறது, மீண்டும் ஊற்றுகிறது. குறுக்கே கை நீட்டாமல் அதனைப் பார்த்திருப்பது எளிதன்று. 1975 முதல் இந்நாட்டில் இயங்கிவரும் அங்கன்வாடிகளுள் ஒன்று பெரும்பாலும் நம் தெருவுக்கு அண்மையிலேயே இருக்கும்.

கற்பவை கற்றபின்

அருகிலுள்ள அங்கன்வாடிப் பணியாளரின் ஒப்புதலைப் பெற்று, ஒரு குழந்தையின் அரைமணிநேரச் செயல்களை உற்றுநோக்கிக் குறிப்பெழுதுக. குழந்தையின் பெயரைக் குறிப்பிட வேண்டா.

'முறை கடல் கடக்கும், மொழி கடக்குமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.