பழி சுமக்கும் ஒப்பந்தம்

நம்பிக்கை: இந்திய–இலங்கைச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம்தான் இந்தியச் சரக்கைக் கொண்டுவந்து இலங்கைச் சந்தையில் கொட்டியது.

உண்மை: கொழும்பில் வர்த்தகம் பற்றிப் பேச்செடுத்தாலே எழும் குற்றச்சாட்டு இது. இந்தியப் பிரதமர் வாஜ்பாயும் இலங்கை அதிபர் சந்திரிகா குமாரதுங்கவும் 1998 டிசம்பரில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, இலங்கை இந்தியாவுக்கு ஒரு டாலருக்கு விற்றால் அங்கிருந்து ஏறத்தாழப் பத்து டாலருக்கு வாங்கிக்கொண்டிருந்தது. பிந்திய பல ஆண்டுகளில் அந்தப் பத்து, ஐந்து ஆறாகச் சுருங்கியிருக்கிறது. பற்றாக்குறை தொகையில் பெருத்தது உண்மைதான், விகிதத்தில் இறங்கியிருக்கிறது. இதை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

இலங்கை பெருமளவில் வாங்குவது எரிபொருள், வாகனம், மருந்து, துணி. இவற்றில் பல, எந்த நாட்டிலிருந்து வந்தாலும் வரி இல்லாதவை. அல்லது இலங்கையே சலுகை மறுத்துப் பட்டியலிட்டவை. அப்படி இலங்கை ஒதுக்கிவைத்தவை 1,180 பொருள்கள். இந்தியா ஒதுக்கியவை 429. ஆகவே இந்தியாவிலிருந்து வரும் சரக்கில் ஒப்பந்தச் சலுகையோடு நுழைவது பல ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. இந்தியாவுக்குப் போகும் இலங்கைச் சரக்கிலோ பாதிக்கு மேல் அந்தச் சலுகையில்தான் போகிறது. ஒப்பந்தத்தைக் கிழித்தெறிந்தால் முதலில் அடிபடப்போவது இலங்கை ஏற்றுமதியாளர்தான்.

நம்பிக்கை: பெரிய நாடான இந்தியா தன் கதவை முழுதாகத் திறந்துவிட்டது.

உண்மை: இது இக்கரையில், இந்தியாவில், சொல்லப்படுவது, இதுவும் தவறு. இலங்கைத் தேயிலைக்கு ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோ என்று உச்சவரம்பு. தொடக்கத்தில் குறிப்பிட்ட சில துறைமுகங்களில் மட்டுமே இறக்கலாம் என்றும் இருந்தது. ஆடைகளுக்கும் அதே கதி.

வனஸ்பதியின் கதை இன்னும் கசப்பானது. இந்தியாவில் பாமாயிலுக்கு வரி உச்சத்தில் இருந்த காலம். இந்திய முதலாளிகளே இலங்கைக்குப் போய் ஆலை வைத்தார்கள். அங்கே குறைந்த வரியில் வந்திறங்கிய பாமாயிலை வனஸ்பதியாக்கி, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். சில ஆண்டுகளுக்கு இலங்கையின் ஏற்றுமதிக் கணக்கு துள்ளி ஏறியது. இந்திய ஆலைக்காரர்கள் கொதித்தார்கள். 2006இல் ஆண்டுக்கு 2,50,000 டன் என்று இந்தியா வரம்பு கட்டியது. பிறகு பாமாயில் வரியையும் குறைத்ததும், அந்த ஆலைகள் நிற்பதற்கான காரணமே போயிற்று. வரி வித்தியாசத்தை நம்பிப் பிறந்த தொழில் அது. அங்கே வேலை செய்தவர்களுக்கு அந்தக் கணக்கை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கமாட்டார்கள். இலங்கை கோபப்பட வேண்டிய இடம், பற்றாக்குறையைவிட, உச்சவரம்புகளும் விதிகளும் திடீரென்று மாறும் இந்த இடம்தான்.

நம்பிக்கை: இந்த ஒப்பந்தத்தால் இந்திய மருத்துவர்களும் பொறியாளர்களும் வந்து வேலைகளைப் பறிப்பார்கள்.

உண்மை: 1998 ஒப்பந்தம் சரக்குக்கு மட்டுமானது. சேவைத் துறையையும் சேர்க்கும் பேச்சுகள் பிற்பாடு பலமுறை நடந்தன. இலங்கை மருத்துவர் சங்கம் எதிர்த்தது அவற்றைத்தான்.

நம்பிக்கை: முதலீடு இந்தியாவிலிருந்து இலங்கைக்கு மட்டும் போகும் ஒருவழிப் பாதை.

உண்மை: விசாகப்பட்டினத்துக்கு அருகே அச்சுதாபுரத்தில் ஓர் ஆடைத் தொழிற்பூங்காவே இயங்குகிறது, ஆயிரக்கணக்கான ஆந்திரப் பெண்கள் அங்கே தைக்கிறார்கள். அதை அமைத்தது இலங்கையின் பிராண்டிக்ஸ் நிறுவனம்.